ஒன்று புள்ளி நான்கு கனமீட்டர்

டோங்கரன் ஊரில் ஞாயிறு விடியுமுன்பே சந்தை கூடிவிடும்.
டார்ச் வெளிச்சத்தில்தான் பேரம்.
மொரேக் அந்த ஓக் அலமாரியின் கதவைத்
திறந்தாள், மூடினாள்,
மறுபடி திறந்தாள்.
அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நூற்று எண்பது" என்றான் லுடோ,
தெர்மாஸ் மூடியில் காபி ஊற்றிக்கொண்டே.
நூற்று இருபதுக்குப் படிந்தது.
ஜெயித்துவிட்டோம் என்று கைகுலுக்கினோம்.
வீடு நியூசிலாந்தில், டனீடனில் என்றதும்
அவன் சிரித்த சிரிப்புக்கு
திங்கட்கிழமைதான் அர்த்தம் கிடைத்தது.

ஆண்ட்வெர்ப்பில் கப்பல் அலுவலகம்.
கோடெலீவ் என்ற பெண் அளவுநாடாவை இழுத்தாள்.
உயரம், அகலம், ஆழம்.
பெருக்கினாள்:
ஒன்று புள்ளி நான்கு கனமீட்டர்.
இங்கே எடைக்குக் காசில்லை, இடத்துக்குத்தான்.
"உள்ளே என்ன?"
"ஒன்றுமில்லை, காலி."
"காலிக்கும் சேர்த்துத்தான் கட்டணம்."
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.

அன்றிரவு விடுதியில் மொரேக் தூங்கவில்லை.
பூமியின் அடிப்பக்கம் வரைக்கும்
பெல்ஜியத்துக் காற்றை
வாடகை கொடுத்தா ஏற்றிப் போவது?

மறுநாள் பிரஸ்ஸல்ஸ் பழஞ்சந்தை.
மூடியில்லாத எனாமல் கெட்டில் ஒன்று.
பீங்கான் கதவுக்குமிழ் பதினொன்று
(எங்கள் வீட்டில் கதவுகள் ஏழு).
யாரோ இருவரின் முதலெழுத்துகளைப் பின்னித் தைத்த
மேசைவிரிப்புகள்; அதில் ஒன்றில் திராட்சைரசக் கறை,
அதனால் அது மட்டும் இலவசம்.
பிரெஞ்சில் ஒரு பல் மருத்துவரின் பெயர்ப்பலகை.
அதை ஏன் என்று நான் கேட்கவில்லை,
கீழறையில் சரியாக அந்த அகலம் மிச்சமிருந்தது.

காற்றை வெளியேற்ற ஆன செலவு
காற்றின் வாடகையைப்போல் இரண்டு மடங்கு.
மொரேக் கணக்குப் பார்க்கவில்லை.
நான் பார்த்தேன். சொல்லவில்லை.

பைன் பலகையில் ஒரு பெட்டி அடித்து
அதற்குள் அலமாரியை நிறுத்தினார்கள்.
பெட்டியின் விலாவில்
பழுக்கக் காய்ச்சிய இரும்பால் ஒரு முத்திரை.
சுட்டுப் பதப்படுத்திய மரம் என்பதற்குச் சாட்சி.

பதினோரு வாரம்.
கப்பல் என் கைபேசியில் ஒரு நீலப் புள்ளி.
பனாமாவில் ஐந்து நாள் அது அசையவே இல்லை,
மொரேக் பழைய அலமாரியை விற்றாள்,
சோபாவை நகர்த்தினாள்,
வெறும் சுவருக்கு முன்னால் நின்று பல் துலக்கினாள்.

போர்ட் சால்மர்ஸ் துறைமுகக் கொட்டகையில்
உயிர்க்காப்பு அதிகாரி தமாத்தி
ஸ்குரூடிரைவரின் பிடியால்
ஓக்கின் முதுகில் மூன்று தட்டு தட்டினார்.
கீழே விரித்த வெள்ளைத் தாளில்
சலித்த மாவுபோல் தூள் விழுந்தது.
"ஆள் இருக்கிறது" என்றார்.

நாங்கள் அளக்காத இடத்தில்,
இடுக்கில், நரம்பில், காசு கொடுக்காமல்
ஒரு குடும்பமே பயணம் வந்திருந்தது.

எரிக்கலாம், திருப்பி அனுப்பலாம்,
சூட்டறையில் வைக்கலாம்.
சூட்டறை என்றோம்.

கதவு உச்சியிலிருந்து அடிவரை பிளந்தது.
நூறாண்டு பிடித்துக்கொண்டிருந்த பசை
ஒரே மதியத்தில் கைவிட்டது.
கயிற்றால் கட்டிய பலகைகளாகத்தான் திரும்பி வந்தது.
ரசீதில் எழுதியிருந்தது:
சிகிச்சை வெற்றி.

மொரேக் அழுவாள் என்று நினைத்தேன்.
கொஞ்சம் அழுதாள்தான்.
பிறகு கராஜில் கிடந்த பைன் பெட்டியை
விரல்கணுவால் தட்டிப் பார்த்தாள்.
அதன்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை,
தமாத்தி முத்திரையைப் பார்த்ததோடு சரி.

இப்போது அது சுவரோரம் நிற்கிறது.
உள்ளே ஓக் பலகைகள் மூன்று, தட்டுகளாக.
வெளியே ஆண்ட்வெர்ப் முகவரி,
இந்தப் பக்கம் மேலே என்ற அம்பு
பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது.
எங்கே வாங்கியது என்று வருகிறவர்கள் கேட்டால்
பெல்ஜியம் என்கிறாள். பொய்யில்லை.

கதவில் ஒரு பீங்கான் குமிழ் வைத்தோம்,
மிச்சம் பத்து.
பிடித்து இழுத்தால்
கொஞ்சம் யோசித்துவிட்டுத் திறக்கிறது.
உள்ளே கெட்டில்,
இன்னும் மூடியில்லாமல்.